ரிப்போர்ட்டில் சிஆர்பி அதிகமா? எடைக்கும் அழற்சிக்கும் நடுவே மரபணு சொல்லும் சாட்சி

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்-அப். ரெண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிடுகிறது. சர்க்கரை நார்மல். கொலஸ்ட்ரால் பார்டர். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது: ‘எச்எஸ்-சிஆர்பி 4.2’. பக்கத்திலேயே ‘ஹை ரிஸ்க்’ என்று ஒரு குறிப்பு.

கூகுளில் தேடினால், ‘உடம்புக்குள் அழற்சி இருக்கிறது’ என்கிறது ஒரு பக்கம். ‘உங்க எடை குறையாததுக்கு இதுதான் காரணம்’ என்கிறது ஒரு ரீல்ஸ். ‘உங்கள் அழற்சி மரபணுவைப் பரிசோதித்துப் பாருங்கள்’ என்கிறது அடுத்து வரும் விளம்பரம்.

இதில் எது உண்மை? அழற்சியால் எடை கூடுகிறதா, எடையால் அழற்சி கூடுகிறதா? எல்லாம் பிறக்கும்போதே மரபணுவில் எழுதப்பட்டுவிட்டது என்றால், நாம் ஓடி என்ன, உடற்பயிற்சி செய்து என்ன? விஞ்ஞானிகளையும் குழப்பிய கேள்விகள்தான் இவை. முடிச்சை அவிழ்க்க உதவியது, மனிதர்களிடையே இயல்பாகவே இருக்கும் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள்.

முதலில், சிஆர்பி என்றால் என்ன?

‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’ என்பதன் சுருக்கம்தான் சிஆர்பி. 1930-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு இது வினைபுரிந்ததால் இந்தப் பெயர்.

இதை முக்கியமாகத் தயாரிப்பது கல்லீரல். உடலில் எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால், அங்கிருக்கும் செல்கள் ‘இன்டர்லூக்கின்-6’ (சுருக்கமாக ஐஎல்-6) என்ற ரசாயனத் தூதை அனுப்பும். தூது கிடைத்ததும் கல்லீரல் சிஆர்பி-யை ரத்தத்தில் கொட்ட ஆரம்பிக்கும். கடுமையான தொற்று வந்தால் இதன் அளவு ஆயிரம் மடங்கு வரைகூட எகிறும். தொற்று போனதும் சில நாட்களில் இறங்கிவிடும்.

‘எச்எஸ்’ என்பது ‘ஹை சென்சிட்டிவிட்டி’. மிகக் குறைந்த அளவையும் துல்லியமாக அளக்கும் பரிசோதனை என்று அர்த்தம். இதய நோய் அபாயத்தைக் கணிக்க, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று 2003-ல் அமெரிக்க இதய சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகுத்தன. லேப் ரிப்போர்ட்டுகளில் நாம் பார்க்கும் ‘லோ, ஆவரேஜ், ஹை’ எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

கொழுப்புக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

அழற்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுளுக்கிய கணுக்கால்: சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். உடல் பருமனில் நடப்பது அப்படி இல்லை. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நீறு பூத்த நெருப்பு மாதிரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

இதற்கான முதல் பெரிய துப்பு 1993-ல் கிடைத்தது. ஹார்வர்டில் கோகான் ஹோட்டாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர், பருமனான எலிகளின் கொழுப்புத் திசு ‘டிஎன்எஃப்-ஆல்ஃபா’ என்ற அழற்சிப் பொருளை அதிகமாகச் சுரப்பதைக் கண்டார்கள். அந்தப் பொருளைத் தடுத்தபோது, எலிகளின் உடலில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. அதுவரை கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்காகப் பார்த்தவர்கள், அது ரசாயனம் சுரக்கும் ஓர் உறுப்பு என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

1999-ல் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு, மனிதர்களிலும் இதே போக்கைக் காட்டியது. எடை சரியாக இருப்பவர்களோடு ஒப்பிட்டால், சிஆர்பி உயர்ந்திருக்கும் வாய்ப்பு பருமனான ஆண்களுக்குச் சுமார் 2 மடங்கு, பெண்களுக்குச் சுமார் 6 மடங்கு. வேறு நோய் எதுவும் இல்லாத இளைஞர்களிடமும் இந்தத் தொடர்பு இருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு 2003-ல் விடை வந்தது. கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி ஊதும்போது, சில செல்கள் செத்துப் போகின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய ‘மேக்ரோஃபேஜ்’ என்ற நோய் எதிர்ப்பு செல்கள் திசுவுக்குள் வந்து குவிகின்றன. எடை கூடக் கூட அவற்றின் கூட்டமும் கூடுகிறது. அவை ஐஎல்-6, டிஎன்எஃப் போன்றவற்றைச் சுரக்கின்றன. ஐஎல்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. கல்லீரல் சிஆர்பி-யை ஏற்றுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 4.2 என்று வருவது பல சமயம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

அப்போ எது முதலில்?

சிக்கல் இங்கேதான். எடை அதிகம் உள்ளவர்களுக்கு சிஆர்பி அதிகம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எது எதற்குக் காரணம்? மூன்று சாத்தியங்கள் உண்டு. எடை, சிஆர்பி-யை ஏற்றலாம். சிஆர்பி, எடையை ஏற்றலாம். அல்லது தூக்கமின்மை, சிகரெட், வறுமை, மன அழுத்தம் என்று மூன்றாவது ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்தே ஏற்றலாம்.

மழை பெய்யும் நாளில் எல்லோர் கையிலும் குடை இருக்கிறது. அதற்காகக் குடையால்தான் மழை வந்தது என்று சொல்ல முடியாதே! ரெண்டும் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பாதிப் பேருக்கு வேண்டுமென்றே சிஆர்பி-யை ஏற்றி, பல ஆண்டுகள் காத்திருந்து எடை பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால், அப்படி ஒரு பரிசோதனையை மனிதர்களிடம் செய்ய முடியாது. நல்லவேளையாக, இயற்கை அதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

இயற்கை நடத்தும் குலுக்கல்

நம் டிஎன்ஏ-வில் சுமார் 300 கோடி ‘எழுத்துகள்’ இருக்கின்றன. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பெரும்பாலும் எல்லாம் ஒன்றுதான். அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். இந்த வேறுபாடுகளை ‘வேரியன்ட்’ என்கிறார்கள். இது நோய் கிடையாது. மூக்கின் வடிவம் மாதிரி ஒரு வித்தியாசம், அவ்வளவுதான்.

முதலாவது குரோமோசோமில் சிஆர்பி மரபணு இருக்கிறது. அதற்குள்ளும் அதைச் சுற்றியும் உள்ள சில வேரியன்ட்கள், ஒருவரின் சிஆர்பி இயல்பாகவே கொஞ்சம் அதிகமாகவோ குறைவாகவோ இருப்பதை முடிவு செய்கின்றன. அதாவது ஒரே எடை, ஒரே சாப்பாடு, ஒரே வேலை என்று இருக்கும் இரண்டு பேருக்கும்கூட சிஆர்பி வேறு வேறாக இருக்கலாம். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்து, சிஆர்பி அளவோடு தொடர்புள்ள 266 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் அடையாளம் கண்டது.

இன்னொரு பக்கம், எடையோடு தொடர்புள்ள வேரியன்ட்கள். இதில் பிரபலமானது ‘எஃப்டிஓ’. 2007-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சுமார் 39,000 பேரை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். இந்த வேரியன்ட்டின் இரண்டு பிரதிகளையும் (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று) பெற்றவர்கள், ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள்.

அம்மா, அப்பாவிடமிருந்து எந்தப் பிரதி நமக்கு வரும் என்பது சுத்தமான குலுக்கல். நம் சம்பளம், சாப்பாடு, தூக்கம் எதற்கும் அதில் பங்கில்லை. பின்னாளில் வரும் நோயும் போய் மரபணுவை மாற்றாது. அதனால் ‘சிஆர்பி அதிகமாகும் சீட்டு’ விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டால், காரணம் எது, விளைவு எது என்று பிரித்துப் பார்க்கலாம். இந்த முறைக்குப் பெயர் ‘மெண்டலியன் ராண்டமைசேஷன்’. பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரிகோர் மெண்டலின் பெயரால் வந்தது.

கோபன்ஹேகன் சொன்ன பதில்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பல்லாயிரக்கணக்கானோர் பங்கேற்ற மக்கள்தொகை ஆய்வின் தரவுகளை வைத்து, 2011-ல் இந்தச் சோதனை இரண்டு திசையிலும் நடத்தப்பட்டது.

முதல் திசை: எஃப்டிஓ போன்ற, எடையைக் கூட்டும் வேரியன்ட் உள்ளவர்களுக்கு சிஆர்பி-யும் கூடியிருக்கிறதா? ஆம், கூடியிருந்தது.

எதிர்த் திசை: சிஆர்பி-யைக் கூட்டும் வேரியன்ட் உள்ளவர்களுக்கு எடையும் கூடியிருக்கிறதா? இல்லை.

ஆக, அம்பு ஒரு பக்கமாகத்தான் போகிறது: எடையிலிருந்து சிஆர்பி-க்கு. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வும் இதையே சொல்லியிருந்தது.

‘அழற்சி மரபணுக்கள்தான் எடை கூடக் காரணம்’ என்ற எண்ணம் சும்மா வந்தது இல்லை. டிஎன்எஃப், ஐஎல்-6 மரபணுக்களில் உள்ள சில வேரியன்ட்களைப் பருமனோடு தொடர்புபடுத்தி 1990-கள், 2000-களில் நிறைய சிறிய ஆய்வுகள் வந்தன. ஒன்று ‘ஆம்’ என்றால் அடுத்தது ‘இல்லை’ என்றது. சில நூறு பேரை மட்டும் வைத்துத் தேடினால் தற்செயலும் ஆதாரம் மாதிரியே தெரியும். பிறகு லட்சக்கணக்கானோரை வைத்துத் தேடியபோது படம் மாறியது. 2015-ல் சுமார் 3.4 லட்சம் பேரை ஆராய்ந்த ஆய்வு, உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ-யோடு தொடர்புள்ள 97 இடங்களைக் கண்டது. அங்குள்ள மரபணுக்களில் பெரும்பகுதி சுட்டிக்காட்டியது மூளையை, குறிப்பாகப் பசியையும் திருப்தியையும் கட்டுப்படுத்தும் பகுதிகளை. பருமனுக்கான மரபணுப் போக்கு, பெருமளவுக்குப் பசி சம்பந்தப்பட்டது என்று சொல்லலாம்.

அப்படின்னா சிஆர்பி வெறும் புகைதானா?

சிஆர்பி-யைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட அப்படித்தான். இதய நோயிலும் இதே சோதனை நடந்தது. 2008-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், மரபணு காரணமாக சிஆர்பி 64 சதவீதம் வரை கூடியிருந்தவர்களைப் பார்த்தார்கள். சிஆர்பி-தான் குற்றவாளி என்றால் அவர்களுக்கு மாரடைப்பும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. 2011-ல் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்விலும் இதே முடிவுதான்.

ஆனால், ‘அப்போ அழற்சி ஒன்றும் செய்யாது’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம். புகை சுடாது, நெருப்பு சுடும். சங்கிலியில் சிஆர்பி-க்கு மேலே இருக்கும் ஐஎல்-6 கதை வேறு. அதன் ஏற்பியைச் சற்று மந்தமாக்கும் ஒரு வேரியன்ட்டுடன் பிறந்தவர்களுக்கு சிஆர்பி-யும் குறைவு, மாரடைப்பு அபாயமும் குறைவு என்று 2012-ல் தெரியவந்தது.

2017-ல் ‘கேன்டோஸ்’ என்ற மருந்துப் பரிசோதனை இதற்கு வலு சேர்த்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சிஆர்பி உயர்ந்திருந்த 10,061 பேர் இதில் பங்கேற்றார்கள். ஐஎல்-6-க்கும் மேலே இருக்கும் ‘இன்டர்லூக்கின்-1 பீட்டா’வைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி போட்டபோது, கொலஸ்ட்ரால் மாறாமலேயே, அடுத்த மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால், ஒரு விலையும் இருந்தது: உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. அழற்சி நம் உடலின் காவல்காரன். அவனை ஒரேயடியாகத் தூங்கவைத்தால் திருடன் வருவான்.

ஒல்லியா இருந்தா தப்பிச்சோமா?

இந்தியர்களுக்கு இந்தக் கதையில் தனி அத்தியாயம் உண்டு. 2004-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனேவைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், அவரது பிரிட்டிஷ் நண்பரும் சக மருத்துவருமான ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான்: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசியர்களிடம் இது சகஜம். அதுவும் அந்தக் கொழுப்பு கை, தொடையைவிட வயிற்றில்தான் அதிகம் சேர்கிறது.

இது அழற்சியிலும் தெரிகிறது. லண்டன்வாழ் இந்தியர்களுக்கு அங்குள்ள வெள்ளையர்களைவிட சிஆர்பி 17 சதவீதம் அதிகம் என்று 2001-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘அப்போ இந்திய மரபணுவே கோளாறா?’ என்று கேட்கத் தோன்றும். வயிற்றுப் பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்விலும் சிஆர்பி, உடல் கொழுப்போடு கைகோத்தே நின்றது.

இதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷாராக வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் இணைந்து 2023-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, பொதுவான பருமன் 28.6 சதவீதம் பேருக்கு. வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம் பேருக்கு. எடை மெஷின் ஓகே சொன்னவர்களில் பலரை இன்ச் டேப் பிடித்துக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டு நிலவரம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். ஒரு தலைமுறையில் நம் மரபணு மாறிவிடவில்லை. மாறியது நம் தட்டும், நாற்காலியும்.

மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

எச்சிலை அனுப்பினால் ‘உங்கள் அழற்சி மரபணு ஸ்கோர்’ தரும் பேக்கேஜ்கள் விற்பனையில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

ஒன்று: இவற்றில் பெரும்பாலான வேரியன்ட்கள் ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. பிரபலமான எஃப்டிஓ-வின் சராசரி வித்தியாசமே 3 கிலோதான்.

இரண்டு: சிஆர்பி-யைக் குறைக்கும் வேரியன்ட் எல்லாமே நல்லது என்றும் சொல்ல முடியாது. ‘ஏபிஓஇ-4’ என்ற வேரியன்ட் உள்ளவர்களுக்கு சிஆர்பி குறைவாக இருக்கும். ஆனால் அல்சைமர் நோய்க்கும், இதய நோய்க்கும் அதே வேரியன்ட் அபாயத்தைக் கூட்டுகிறது. எண் குறைந்தால் எல்லாம் சரி என்ற கணக்கு இங்கே செல்லாது.

மூன்று: மரபணு தலையெழுத்து அல்ல. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2011-ல் செய்த ஆய்வில், உடல் உழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓ-வால் பருமன் வரும் அபாயம் சுமார் 27 சதவீதம் தணிந்திருந்தது. அதற்கு ஜிம் மெம்பர்ஷிப்கூடத் தேவைப்படவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காமல் கொஞ்சம் நடமாடியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான்.

பரம்பரையாக ஒரே ஒரு மரபணுக் கோளாறால் வரும் கடுமையான பருமனும் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே அடங்காத பசியோடு எடை எகிறினால், அதற்கு மருத்துவர் சொல்லும் மரபணுப் பரிசோதனை அவசியம். ஆனால் அது அரிது. விளம்பரத்தில் வரும் பேக்கேஜும் அதுவல்ல.

சரி, ரிப்போர்ட்டில் 4.2 வந்திருக்கு... இப்போ என்ன செய்யணும்?

* பதறாமல் யோசியுங்கள்: கடந்த ரெண்டு, மூணு வாரத்தில் சளி, காய்ச்சல், பல் வலி, அடிபட்டது, தடுப்பூசி போட்டது ஏதாவது உண்டா? இருந்தால் சிஆர்பி அதனாலேயே ஏறியிருக்கலாம்.

* ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும்போது, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் தொற்று அல்லது வேறு நோயின் அறிகுறி. டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

* சிகரெட், ஈறு நோய், மூட்டு அழற்சி, கருத்தடை மாத்திரை போன்றவையும் சிஆர்பி-யை ஏற்றும். சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

* இன்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். அதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால். இவை எல்லாவற்றோடும் சேர்த்துப் படித்தால்தான் சிஆர்பி-க்கு அர்த்தம்.

* சிஆர்பி-யைக் ‘குறைக்கும்’ ஜூஸ், பவுடர், டீடாக்ஸ் பின்னால் போக வேண்டாம். ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினால் அடுப்பு அணையாது.

எடை குறைந்தால் சிஆர்பி தானாக இறங்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ம் ஆண்டு அலசல் ஒன்றின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் சிஆர்பி சராசரியாக லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் குறைகிறது. டயட், உடற்பயிற்சி, அறுவை சிகிச்சை என்று எந்த வழியில் எடை குறைந்தாலும் இந்த இறக்கம் இருந்தது. மரபணுச் சீட்டு எது விழுந்திருந்தாலும், அம்பின் திசை மாறாது என்பதால்தான் இது வேலை செய்கிறது.

அதே சமயம், மரபணு ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. பருமனுக்குப் பின்னால் பசியை ஆளும் மூளையின் அமைப்பு இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கேன்டீனில் சாப்பிடும் ரெண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் எடை ஏறுவதற்கு ‘சோம்பேறித்தனம்’ என்று பெயர் வைப்பது நியாயமும் இல்லை, அறிவியலும் இல்லை. முயற்சி செய்தும் எடை இறங்காதவருக்கு டாக்டரின் உதவி தேவை; கேலி அல்ல.

அடுத்த முறை அந்தத் தடித்த எழுத்து வரி கண்ணில் பட்டால், அதை நோயாகப் படிக்காதீர்கள், தகவலாகப் படியுங்கள். எங்கோ கனன்றுகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. எங்கே என்று தேட முதலில் ஒரு இன்ச் டேப் போதும்.